தர்ஷினி திருப்பிப் பார்த்த பக்கம்

"எழுத்தே இல்லாத புக்க வச்சிக்கினு இன்னாத்தம்மா பாடம் நடத்துவ? பொம்ம காட்டறதுக்கு ஒரு படிப்பா?"

என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. மழலையர் பள்ளியில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளியில் கொடுத்த படப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் விரலை நக்கி நக்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஓர் எழுத்துகூட இல்லை. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோலப் பார்த்தார்.

சித்தப்பா திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருமே போனதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிர் செய்கிற குடும்பம். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"போர்டு படிக்காமலே எந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு சொல்றியே சித்தப்பா, அது இன்னா படிப்பு?"

"அது கண்ணு பழகின விசயம்."

"நானும் கண்ணத்தான் பழக்கப் போறேன்."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு மைசூர்பாகில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அன்று வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனாலும் பத்து வருடம் வேலை பார்த்த பள்ளியிலிருந்து இந்தக் கோடை விடுமுறையோடு விலகிவிட்டேன். விலகுவதற்குச் சில வாரம் முன்பு அங்கே டேப்லெட்டுகள் வந்தன. குழந்தை படத்தைத் தொட்டால் போதும், அதுவே சரி தப்பு பார்த்து மதிப்பெண் போட்டுவிடும். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் ஆசிரியைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இனிமே அந்தக் காலண்டர் தாள் வேலையெல்லாம் எதுக்கு? அதுல அப்பிடி என்னதான் இருந்துச்சு? எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். பாதி கேலி, பாதி ஆசை. அவர்களுக்காக எழுதுகிறேன். டேப்லெட்டின்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை அதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன், சார்ட் பேப்பரில் நிறைய ஆப்பிள் வரைந்தேன், நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தேன். குழந்தையைப் பார்ப்பது எப்படி என்று தெரியாமல்தான் வந்தேன். அதைக் கற்றுக்கொண்டது தலைமை ஆசிரியை ஹேமாவதி மேடத்தின் பள்ளியில்.

மேடம் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். இரவுச் சாப்பாடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் அவர் மேசைமேல் இருக்கும். சாயங்காலம் ஆசிரியைகள் கூட்டம் நடக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். வெளிச்சம் மஞ்சளாக மாறினால் பேச்சு சுருங்கிவிடும். "மிச்சத்த நாளைக்குப் பேசலாம்" என்று டப்பாவைத் திறப்பார். அவர் அந்த நேரத்தைத் தவறவிட்டதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நேர்முகத் தேர்வில் அவர் என்னிடம் சான்றிதழைக் கேட்கவில்லை. எழுத்தில்லாத படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "படிங்க" என்றார். நான் மேடைப்பேச்சுபோல, "இதோ ஒரு சந்தை! இங்கே காய்கறிகள்!" என்று ஆரம்பித்தேன். கேட்டுவிட்டு, "நல்லா சத்தமா படிக்கறீங்க. இப்ப பாருங்க" என்றார். அப்போதுதான் பார்த்தேன். தராசின் ஒரு தட்டில் பூனை உட்கார்ந்திருந்தது.

சிரித்துவிட்டேன். வேலை கிடைத்துவிட்டது.

படப்புத்தகத்தோடு ஒரு குழந்தையை உட்கார வைப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். புத்தகத்தைத் திறந்து கொடுக்கக் கூடாது. மூடியபடி பாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எந்தக் கையால் எடுக்கிறது, தலைகீழாகப் பிடித்தால் தானே திருப்பிக்கொள்கிறதா, எந்தப் படத்தில் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பதெல்லாம் நாம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பிறகு ஒரு கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். அமைதி நீண்டால் ஆசிரியைக்கு நாக்கு அரிக்கும். மேடம் மட்டும் அந்தப் படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை என்ன சொன்னாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "ஓ!"

'சபாஷ்' சொல்வதற்கு எங்கள் பள்ளியில் தடை. "சபாஷ்னு சொன்னா கொழந்த படத்த விட்டுட்டு உங்க மூஞ்சியப் பார்க்க ஆரம்பிச்சிடும். உங்க மூஞ்சியில என்ன கதை இருக்கு?" என்பார்.

பார்த்ததை எழுதத்தான் காலண்டர் தாள். தினமும் கிழிக்கிற காலண்டரின் அன்றைய தாளில், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று எழுதி, கிளிப் போட்டு வைப்போம். முன்பக்கத்தில் தேதி இருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. பௌர்ணமி எது என்பதும் தெரியும். அது முக்கியம். பௌர்ணமிக்கு மறுநாள் எந்தக் குழந்தையையும் மதிப்பிடக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் சட்டம். கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அன்று அரைத் தூக்கத்தில் வருவார்கள். அன்று அவர்களுக்குப் பாய் விரித்துத் தூங்க வைப்பதே பாடம்.

தாளில் நாம் நினைத்ததை எழுதக் கூடாது, கண் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'அடம் பிடித்தான்' என்று நான் எழுதிய முதல் தாளை மேடம் திருப்பிக் கொடுத்தார்.

"அடம் எப்பிடி இருந்துச்சு? என்ன கலரு?"

"இல்ல மேடம், பென்சிலக் கீழ வச்சிட்டு மேசைக்கு அடியில போய்ட்டான்."

"அப்ப அத எழுதுங்க. அவன் பயந்துகூடப் போயிருக்கலாம். அழிப்பான் தேடக்கூடப் போயிருக்கலாம்."

அழிப்பான் தேடத்தான் போயிருந்தான்.

பெரிய மழை பெய்கிற படம் ஒன்று உண்டு. பிள்ளைகள் எல்லோரும் "மழ! கொட! கப்பல்!" என்று கத்துவார்கள். கார்த்தி என்று ஒரு பையன், அவன் அப்பாவும் அம்மாவும் தெருவில் துணி தேய்க்கிறவர்கள். படத்தின் மூலையில், ஓவியர் சும்மா வரைந்திருந்த கொடியில் தொங்கிய சட்டையைக் காட்டி, "துணி நனையுது, யாராச்சும் எடுங்க மிஸ்! ஏன் யாருமே எடுக்கல?" என்று என்மேலேயே கோபப்பட்டான். இத்தனை நாள் அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிய நான் அந்தச் சட்டையை அன்றுதான் பார்த்தேன்.

பார்த்தால் எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பையன் கதை கேட்கும்போது எப்போதும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான் என்று தொடர்ந்து எழுதி வந்தோம். மருத்துவரிடம் அனுப்பியபோது அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அவன் அம்மா பள்ளி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் காதுக்குக் கருவி மாட்டிய பிறகு, இப்போது அவன் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறான்.

இனி தர்ஷினியைப் பற்றி.

தர்ஷினி யு.கே.ஜி.யில் என் வகுப்புப் பெண். அடி அண்ணாமலையிலிருந்து வேனில் வருவாள். மலைக்கு இந்தப் பக்கம் டவுன், கோயிலுக்குக் கிழக்கே எங்கள் பள்ளி. மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். பேச மாட்டாள். கேட்டால் தலையசைப்பாள், இல்லையென்றால் அதுவும் இல்லை. அவள் அப்பா ஏழுமலை கிரிவலப் பாதையில் சுக்கு காபிக் கடை வைத்திருக்கிறார்.

ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதற்கு முன்பு எங்கள் பள்ளியில் ஒரு மதிப்பீடு உண்டு. ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. என் வகுப்பை ரேவதி பார்த்தாள். நல்ல ஆசிரியை, நேர்மையானவள். எல்லோருக்கும் வைப்பதைத்தான் தர்ஷினிக்கும் வைத்தாள். முதலில் எங்கள் பள்ளிக்கென்றே செய்த 'எங்க ஊர்' படப்புத்தகம். லாட்ஜ்களுக்கு போர்டு எழுதுகிற ஓர் ஓவியர் வரைந்து கொடுத்தது. தடித்த அட்டைப் பக்கங்கள், சுருள் கம்பி, படம் ஒருபக்கம் மட்டும், பின்பக்கம் வெள்ளை. அடுத்தது வரிசை அட்டைகள். கோலம் போடும் அம்மா, மதியச் சாப்பாடு, விளையாட்டு, மலைக்குப் பின்னால் பாதி மறைந்த சூரியன் என்று நான்கு படங்கள். எது முதலில், எது கடைசியில் என்று குழந்தை அடுக்க வேண்டும்.

தர்ஷினி சூரியன் அட்டையை முதலில் வைத்தாள். மாற்றிக் கேட்டபோதும் அதையே முதலில் வைத்தாள். மலைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். 'நேர வரிசை தெரியவில்லை, படத்தில் கவனம் நிற்கவில்லை, யு.கே.ஜி.யில் இன்னொரு வருடம் இருக்கலாம்' என்று முடிவு வந்தது. ரேவதி அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

ஏழுமலையை அழைத்துச் சொன்னோம். அவர் உட்காரவே இல்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு மக்கா மிஸ்? வெளிப்படையா சொல்லிடுங்க."

"அப்படியெல்லாம் இல்லைங்க..."

"இன்னொரு வருசம் அதே கிளாஸ்ல ஒக்கார வச்சீங்கன்னா ஊர்ல பெயிலுன்னு பேர் வச்சிடுவாங்க. வூட்ல இப்பவே ஊமைன்றாங்க. அதுக்கு நானே கூட்டிக்கினு போயி கடையில ஒக்கார வச்சிக்கிறேன். டம்ளராச்சும் கழுவும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோற்றுப்போன குரலில் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணை 'கொஞ்ச நாளைக்கு' என்று களையெடுக்க அழைத்துப் போனார்கள். அவள் திரும்ப வரவில்லை. தர்ஷினி கடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், தர்ஷினிய இன்னொரு தடவ உட்கார வைக்கணும்."

"ஏன்?"

"அவ புத்திசாலி மேடம்."

"அது உங்க நம்பிக்கை. பார்த்தது என்ன?"

யோசித்தேன். "சாப்பாட்டு டப்பா எல்லாம் கலந்து கெடந்தாலும் மூடியப் பார்த்தே யாரோடதுன்னு எடுத்துக் குடுத்துடறா. வேன் தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு செருப்ப மாட்டிக்கறா."

"இது பார்த்தது." மேடம் ரேவதி எழுதிய தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். பௌர்ணமிக்கு மறுநாள் இல்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. "நாளைக்கு நீங்களே உட்காருங்க. நான் ஓரமா இருக்கேன்."

மறுநாள் பாயில் தர்ஷினியும் நானும் உட்கார்ந்தோம். மேடம் அலமாரிப் பக்கம் பொம்மைகளை அடுக்குவதுபோல இருந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். தர்ஷினி எடுத்தாள். பஸ் ஸ்டாண்ட் படத்தைச் சட்டென்று தாண்டினாள். மலைப் படத்தில் நின்றாள். முன்னால் கோபுரங்கள், பின்னால் மலை. எங்கள் பள்ளி ஜன்னலில் தெரிவது போலவே அழகாக இருக்கும். சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தாள். கீழ் மூலையில் ஓர் இடத்தை விரலால் தொட்டாள். மறுபடி முன்பக்கம் வந்தாள். மறுபடி திருப்பினாள், அதே மூலையைத் தொட்டாள்.

எனக்கு நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டேன்.

அட்டைகளைக் கொடுத்தேன். சூரியன் அட்டையை எடுத்து முதலில் வைத்தாள். அதன் பக்கத்தில் கோலம், பிறகு சாப்பாடு, பிறகு விளையாட்டு. சந்தேகமே இல்லாத கை. தெரியாமல் வைக்கிற குழந்தை நம் முகத்தைப் பார்க்கும். இவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அவள் வகுப்புக்குப் போன பிறகு, பார்த்ததைப் பார்த்தபடி மேடத்திடம் சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்துத் தானும் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே இல்லாத எடத்துல கொழந்த எதையோ பார்க்குது" என்றார். "நமக்குத் தெரியல. அவ வீட்டுக்குப் போய்ப் பார்ப்போமா? நாளைக்குக் காலையில, வேன் வர்றதுக்கு முன்னாடி."

சித்தப்பாவின் ஆட்டோவில் போனோம். டவுனில் கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது. மலையின் இந்தப் பக்கம் முழுக்கச் செம்மண் பூசியதுபோல இருந்தது. கிரிவலப் பாதையில் வளைந்து வளைந்து அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே இன்னும் விடியாததுபோல ஒரு நிழல். குளிர்ச்சியாகக்கூட இருந்தது.

வீட்டை ஒட்டிய கடையில் ஏழுமலை அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஸ்கூல வுட்டு வூட்டுக்கே வந்துட்டீங்களா மேடம்? அவ்ளோ மோசமா?"

"சுக்கு காபி குடிக்க வந்தோம்" என்றார் மேடம். மலையைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பல் துலக்கிக்கொண்டு வந்த தர்ஷினி என்னைக் கண்டதும் கடையின் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் ஓடினாள். மேடம் அவளைக் கூப்பிடவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே யூனிஃபார்மோடு வெளியே வந்தாள். அவள் அம்மா வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்தாள். மலையின் விளிம்பில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அது தடித்தது. பாதிச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

தர்ஷினி பையை எடுத்துவந்து ரோட்டோரம் வைத்தாள்.

"வேன் வந்துடும்" என்றாள்.

பள்ளியில் அவளிடமிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்டதில்லை. "எப்பிடித் தெரியும் உனக்கு?" என்றேன் மெதுவாக.

இவ்வளவுகூடத் தெரியாதா என்பதுபோல மலைப் பக்கம் கையைக் காட்டினாள். "சூரியன் வந்துட்சி இல்ல?"

மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் அட்டையில் இருந்த அதே படம் எங்கள் கண் முன்னால் இருந்தது. மலைக்குப் பின்னால் பாதிச் சூரியன். டவுன் பிள்ளைகளுக்கு அது பொழுது சாய்கிற நேரம். அவர்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய்த்தான் மறையும். மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த தர்ஷினிக்கு அது விடிகிற நேரம். அவளுடைய நாள் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவள் அட்டையைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். மலை இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் ஒரு மாதிரியும் இருக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த விஷயத்தை ஒரு கேள்வி அட்டையோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேடம் பையிலிருந்து படப்புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். மலைப் பக்கத்தைத் திறந்து அவள் பக்கத்தில் குந்தினேன்.

"தர்ஷினி, இதுல உங்க வூடு எங்க?"

பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளைத் தாளின் கீழ் மூலையில் விரல் வைத்தாள். "இங்க."

"கடை?"

விரல் கொஞ்சம் நகர்ந்தது. "இங்க."

"வேன் எப்பிடி வரும்?"

அவள் விரல் தாளின் ஓரமாகவே ஊர்ந்து, விளிம்பைச் சுற்றி, முன்பக்கம் வந்து, கோபுரத்துக்குக் கீழே நின்றது. "ஸ்கூலு" என்றாள்.

"ஓ!" என்றார் மேடம். எத்தனையோ முறை அவர் சொல்லிக் கேட்ட சொல்தான்.

ஆட்டோவில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்தார். "ஏம்மா, சூரியன் எந்தப் பக்கம் வரும்னு கண்டுபிடிக்க ரெண்டு டீச்சருங்களா? என்னக் கேட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே சொல்லியிருப்பேனே?"

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார் மேடம். "நாங்க உங்ககிட்டயும் அட்டையத்தான் காட்டியிருப்போம். நீங்களும் டவுன் ஆளு, சாயங்காலம்னுதான் சொல்லியிருப்பீங்க."

சித்தப்பா யோசித்தார். "அது வாஸ்தவம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

மேடம் ஏழுமலையிடம் போனார். "உங்க பொண்ணு மக்கு இல்லைங்க. நாங்க போட்ட படத்துல பாதி ஊரு விட்டுப்போச்சு. உங்க ஊரு இல்ல அதுல. அவ அதத்தான் தேடியிருக்கா."

ஏழுமலை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னொரு காபி போடறேன் மேடம். சக்கர கம்மியா போடட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஜாஸ்தியாகவே போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கூட்டம். மேடம் அந்த அட்டையை மேசை நடுவில் வைத்தார்.

"இத வரையச் சொன்னது நான். என் ஜன்னல்ல தெரியற மலையத்தான் வரையச் சொன்னேன். வேற ஜன்னல் இருக்குன்னு எனக்குத் தோணல."

ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கவனிச்சிருக்கணும் மேடம்."

"நீங்க அட்டை கேட்டதப் பார்த்தீங்க ரேவதி. அட்டையே தப்பா கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? உக்காருங்க."

பிறகு வேன் வரும் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு ஊரிலும் சூரியன் எதற்குப் பின்னால் வருகிறது, எதற்குப் பின்னால் போகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. தெரியாததை எல்லாம் நேரில் போய்ப் பார்த்துவர ஆள் பிரித்தார். மலைச் சூரியன் அட்டையை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, பேசுவதற்கான படங்களோடு சேர்த்தார். வேறு ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதே அட்டையில் நின்றுபோயிருக்கிறார்களா என்று எல்லோரையும் மறுபடி உட்கார வைக்க முடிவானது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, மலைக்குப் பின்னால் சூரியன் போயே போய்விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. டப்பாவை ஒருவர் மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். "இருக்கட்டும்" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அன்று அவர் பட்டினியாகத்தான் வீட்டுக்குப் போனார்.

தர்ஷினியின் தாளில் மேடமே எழுதினார். 'வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் தாளின் இரண்டு பக்கத்திலும் விரலால் காட்டினாள்.' தர்ஷினி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். இப்போது நான்காம் வகுப்பு. இன்றும் அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டும் என்று யாரும் அவளை விரட்டுவதும் இல்லை. ஏழுமலை எப்போது பார்த்தாலும், "மிஸ், காபி குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று வழியை மறிப்பார்.

இவ்வளவுதான் அந்தக் காலண்டர் தாளில் இருந்தது, தங்கைகளே. டேப்லெட்டில் அந்த மலை அட்டையைப் போட்டிருந்தால் தர்ஷினிக்குத் தப்பு என்று விழுந்திருக்கும். கண்ணாடித் திரையைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. அதனால் அதை வைத்துக்கொண்டாலும் குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நான் விலகியதற்குக் காரணம் வருத்தம் எதுவும் இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளி புதிதாக மழலையர் வகுப்பு ஆரம்பித்து, அதைப் பொறுப்பாக நடத்த என்னைக் கூப்பிட்டது. நான் பள்ளிக்கூடம் போவதை அதிசயமாகப் பார்த்த ஊர்ப் பக்கம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடத்திடம் சொன்னபோது, "அங்க சூரியன் எங்க வருது?" என்று மட்டும் கேட்டார். "ரைஸ் மில்லுக்குப் பின்னாடி மேடம்" என்றேன். சிரித்தார். எனக்கு அதுவே ஆசீர்வாதம்.

பெட்டிகளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக சித்தப்பா வந்தார்.

"இன்னாம்மா பொம்ம டீச்சரு, சொந்த ஊருக்கே கெளம்பிட்டியா?"

"ஆமா சித்தப்பா."

ஒரு பெட்டியில் மேலாக இருந்த பட அட்டையை எடுத்துப் பார்த்தார். நானே வரைந்தது. "இது நம்ம ரைஸ் மில்லு. பொகைக்கூண்டு இந்தப் பக்கம் இருக்குதே, எங்க நின்னுக்கினு போட்ட?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் மில்லின் மறுபுறம் இருந்தது. உமிக் குவியலும் அந்தப் பக்கத்துத் தெருவும் இருந்தன. "அட" என்றார். அட்டையைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தார்.

போன திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு பாய் விரித்தேன். அந்த அட்டையைப் பாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் நகர்ந்து நகர்ந்து வந்து அதை எடுத்தாள். மில்லைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு திருப்பினாள்.

"எங்க தெரு!" என்று கத்தினாள்.

"ஓ!" என்றேன்.

சுவரில் புதிதாக மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அதை எழுதினேன்.